சுவரோரத்து லாவெண்டர்

"முசியே அர்மான், ஆகஸ்ட் முடியப் போகுது! லாவெண்டரை எப்போ வெட்டுறதா உத்தேசம்?" சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினாள் சோலான்ஜ்.

"நாளைக்கு, மேடம்," என்றார், அவளைப் போலவே தனியாக வாழும் பக்கத்து வீட்டு அர்மான்.

"தினமும் இதே பாட்டு! இப்படியே விட்டா அடியெல்லாம் கட்டையாயிடும். லாவெண்டருக்குப் பேர் போன நம்ம ப்ரோவான்ஸ்ல இப்படியும் ஒரு தோட்டமான்னு ஊரே சிரிக்கும்."

"தெரியாத்தனமா கட்டையில கத்திரியை வச்சிட்டா அப்புறம் துளிர்க்காதாமே? பயமா இருக்கு."

சோலான்ஜுக்குப் பொறுக்கவில்லை. கத்திரியோடு அவர் தோட்டத்துக்குள் புகுந்தாள். கட்டைக்கு மேல் இரண்டு விரல் பச்சையை விட்டு, சுவரோரம் இருந்த பத்துச் செடிகளையும் வெட்டி முடித்தாள்.

வெட்டியதை உரக்குழியில் கொட்ட வீட்டின் பின்பக்கம் போனவள் திகைத்து நின்றாள். அங்கே நாற்பது லாவெண்டர்கள், முள்ளெலிகளைப் போல் உருண்டு திரண்டு, கச்சிதமாக வெட்டப்பட்டிருந்தன.

"இதெல்லாம் யார் வெட்டினது?"

"நான்தான்." அர்மானின் காது சிவந்தது.

"அப்போ அந்த ஒரு வரிசையை மட்டும் ஏன் விட்டீங்க?"

"அது உங்க சுவரோரம் இருக்கே, மேடம்."

சோலான்ஜ் இடுப்பில் கை வைத்து முறைத்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அட மக்கு மனுஷா! லாவெண்டரை வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெட்டணும். ரோஜா வச்சிருந்தா, வாடின பூவை வெட்ட நான் வாராவாரம் வந்திருப்பேனே!"