ஆறு நிமிட ஒப்பாரி

யாகப்பு மிதித்துக்கொண்டிருந்தார். சைக்கிள் நகரவில்லை.

பின்சில்லு அந்தரத்தில் சுழன்றது. டைனமோவிலிருந்து இரண்டு வயர்கள் ஓடி, போஸ்ற்மாஸ்ரர் கிறிஸ்துநாயகத்தின் மேசையிலிருந்த ரேப்றெக்கோடரின் வயிற்றுக்குள் நுழைந்தன. போரால் குருநகரில் மின்சாரம் போய் மூன்று வருடம். பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள். பண்பாட்டைக் காலால் மிதித்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

மேசைக்கு எதிரே, பாயில், யாகப்புவின் மனைவி லூர்த்தம்மா தலையை விரித்துப் போட்டபடி உட்கார்ந்திருந்தாள். விரிக்கச் சொன்னவர் போஸ்ற்மாஸ்ரர். கசெற்றில் கூந்தல் பதியாது என்பது அவருக்கும் தெரியும். என்றாலும் செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும்.

தபால் வராத ஊரில் ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரருக்கு இப்போது புதிய பதவி. ரொறன்ரோவிலிருக்கும் கடலோர மக்கள் பண்பாட்டுப் பேரவையின் தாயகக் கிளைத் தலைவர். கிளையில் வேறு எவரும் இல்லை.

பேரவையின் கடிதம், பொன்னெழுத்துத் தலைப்பும் பாய்மரக் கப்பல் சின்னமுமாக, கொழும்பைச் சுற்றி, கிளாலிக் கரையில் வள்ளமேறி, யாரோ ஒருவரின் இடுப்புச் சாரத்து மடிப்புக்குள் கசங்கி வந்து சேர்ந்திருந்தது. அங்கே பிறக்கும் பிள்ளைகள் வேரை மறந்துவிடக் கூடாதாம். கிறிஸ்து பிறந்த நத்தார் விழா மேடையில், கடலில் இறந்தவனுக்கான அசல் ஒப்பாரி ஒன்றை ஒலிக்கவிட்டு, பன்னிரண்டு சிறுமிகள் அபிநயம் பிடிக்கப்போகிறார்கள். ஆறு நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. மேற்பட்டால் விருந்துச் சாப்பாடு ஆறிவிடும்.

"உவன் ரொறன்ரோத் தலைவர், இஞ்சை இருக்கேக்கை மீன் நாத்தமெண்டு மூக்கைப் பொத்தினவன்," என்றார் யாகப்பு. "இப்ப கப்பல் சின்னம்."

லூர்த்தம்மா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

பதினான்கு மாதத்துக்கு முன் இறால் பிடிக்கப் போன அவர்களுடைய மகன் லியோன் திரும்பவில்லை. தோணியும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. உடல் வராத வீட்டில் ஒப்பாரி வைப்பதில்லை. வைத்துவிட்டால் செத்தவன் செத்தவன்தான். பிறகு கறுப்பு உடுத்து, ஆத்துமப் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். சனம் எவ்வளவு சொல்லியும் அவள் வாய் திறக்கவில்லை.

"பேரவைக்கு ஜெனீவாவிலை ஆக்கள் இருக்கினம், பிள்ளை. லியோன்ரை விபரத்தை எழுதித் தா. கசெற்றோடை சேர்த்து அனுப்பிவிடுறன். தேடுவினம்," என்று போஸ்ற்மாஸ்ரர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் வந்திருந்தாள். லியோன், வயது இருபத்திரண்டு, பச்சைச் சாரம், இடது புருவத்தில் வெட்டுக்காயம் என்று பள்ளிக்கொப்பித் தாளில் எழுதி மடித்த துண்டு, போஸ்ற்மாஸ்ரரின் சட்டைப்பையில் இருந்தது.

மகனுக்கு இல்லையென்றால் யாருக்கு அழுவது என்று அவள் தயங்கியபோது யாகப்புவே முன்வந்தார்.

"எனக்குப் பாடன். நான் இஞ்சைதானே நிக்கிறன்."

போஸ்ற்மாஸ்ரர் பொத்தானை அமுக்கினார்.

*பாய்மரமும் சாஞ்சதெல்லோ, என்ரை துரையே,*
*பாதிக் கடல் இருட்டினதோ...*

"மெல்லமாய்ச் சாக்காட்டடி," என்றார் யாகப்பு, மிதித்தபடியே. "மூச்சு வாங்குது."

"செத்தவர் கதைக்கப்படாது," என்று போஸ்ற்மாஸ்ரர் கசெற்றை முதலுக்குச் சுற்றினார்.

மறுபடியும் பாய்மரம் சாய்ந்தது. கடல் இருட்டியது. வலை கொடியில் கிடந்து காய்ந்தது. ஊரில் எல்லாச் சாவுக்கும் பாடுகிற அடிகள்தான். யாகப்பு தன் சாவைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மிதித்தார். மூன்று நிமிடம் நல்லபடியாகப் போனது.

நாலாவது நிமிடத்தில் அவள் கண்களை மூடினாள்.

*கோப்பையிலை சோறு போட்டு மூடி வச்சன்,*
*விடிய விடிய ஆறிப்போச்சே, என்ரை மோனே...*

யாகப்புவின் கால் நின்றது.

அவருக்கு யாரும் சோறு மூடி வைப்பதில்லை. கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு பொழுதுபட முன்னமே சாப்பிட்டு முடித்துவிடுகிறவர் அவர். ஆனால் அடுப்படியில், மூடிவைத்த கோப்பை ஒன்று பதினான்கு மாதமாக இருக்கிறது. விடிந்ததும் அவள் அதைக் கோழிக்குப் போடுவாள். பின்னேரம் மறுபடி நிரப்புவாள். இருவரும் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை.

சில்லு தானாகச் சுற்றி ஓய்ந்தது. ரேப் இழுபட்டு நின்றது. அவள் நிற்கவில்லை. பச்சைச் சாரத்தைப் பாடினாள். புருவத்து வெட்டைப் பாடினாள். அது எந்தக் கல்லில் விழுந்து பட்டது என்பதையும் பாடினாள்.

"மிதியும், யாகப்பு," என்று போஸ்ற்மாஸ்ரர் பதறினார். "இதுதான் அசல். இதைத்தான் அவங்கள் கேட்டவங்கள்."

யாகப்பு மனைவியைப் பார்த்தார்.

பிறகு மிதிக்கத் தொடங்கினார். முன்னைவிட வேகமாக, எதிர்காற்றுக்கு மிதிக்கிறவர்போலக் குனிந்துகொண்டு.

பாட்டு முடிந்தது. லூர்த்தம்மா மூக்கைச் சிந்தி, தலையை முடிந்துகொண்டு எழுந்தாள். மேசைக்கு வந்து கையை நீட்டினாள்.

"அந்தத் துண்டைத் தாங்கோ, போஸ்ற்மாஸ்ரர். இனி ஆரும் தேட வேண்டாம்."

ஒரு பேச்சுக்காவது அவர் மறுப்பார் என்று யாகப்பு எதிர்பார்த்தார்.

போஸ்ற்மாஸ்ரர் உடனேயே எடுத்துக் கொடுத்தார்.

துண்டோடு சேர்ந்து பேரவைக் கடிதத்தின் இரண்டாம் பக்கமும் பையிலிருந்து வெளியே வந்தது. அதை மட்டும் அவசரமாகத் திருப்பி உள்ளே தள்ளினார். அதில் பொன்னெழுத்து இல்லை. தட்டச்சில் ஒரேயொரு வரி. அதன் கீழே, கடிதம் கிடைத்த அன்றைக்கே, தன் கையால் சிவப்பு மையில் கோடிட்டு வைத்திருந்தார்:

'எமது பேரவை பண்பாட்டு அமைப்பு மட்டுமே ஆதலால், காணாமற்போனோர் பற்றிய விபரங்களை ஒலிநாடாவுடன் இணைத்து அனுப்ப வேண்டாம்.'