வாங்கிப்போக வராதவர்கள்

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயே திறக்காமல் நின்றதால் தாஸை யாரோ பெரிய கலை விமர்சகர் என்று நினைத்துவிட்டார்கள்.

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கேலரியில் அன்று கண்காட்சித் திறப்பு விழா. கைத்தறிப் புடவைகளும் பெரிய பெரிய வெள்ளித் தோடுகளும் அவருக்கு மரியாதையாக வழிவிட்டன.

கூட வந்த நோயலை யாரும் அப்படி நினைக்கவில்லை. அவன் காக்கிச் சட்டையில் இருந்தான். ஈஜிபுராவில் தாஸுக்குக் கீழ்வீட்டுக்காரன். அவனுடைய ஆட்டோவில்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"எங்கம்மா போட்டு ஒடைச்சதையெல்லாம் சும்னே குப்பைல கொட்டிட்டோமே அங்கிள். இங்க குடுத்திருந்தா லைட்டு போட்டு வச்சிருப்பாங்க."

தாஸ் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பீடமாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார்.

வெள்ளைப் பீடங்களின் மேல் கோணல் கிண்ணங்கள், ஒரு பக்கம் சாய்ந்த ஜாடிகள், எதற்கென்றே தெரியாத தட்டுகள். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையில் ஆசைக்கு வந்தவர்கள் செய்துவிட்டுப் போனவை. செய்த அன்றே கையோடு கொண்டுபோக முடியாது. காயவேண்டும், சூளையில் சுடவேண்டும், பூச்சு பூசி மறுபடி சுடவேண்டும். ரெடியானதும் சொல்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். பாதிப் பேர் வருவதில்லை.

அப்படி மிஞ்சியவற்றைத்தான் லாவண்யா கண்காட்சியாக வைத்திருந்தார். பெயர்: 'வாங்கிப்போக வராதவர்கள்'. பாத்திரங்களைச் செய்தவர்கள் வேறு யார் யாரோ. அவர்கள் வரவில்லை என்பதைக் கவனித்தவர் லாவண்யா. எனவே கலைஞர் அவர்தான்.

வராதவர்களில் தாஸின் மகள் சங்கமித்ராவும் ஒருத்தி.

பட்டறைக்குப் போன அன்று நகக்கண்ணில் களிமண்ணோடு வீடு திரும்பினாள். என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, "சுட்டு வரட்டும், பாரு. உன்ன மாதிரி வீம்பு புடிச்ச ஆளுக்குத்தான்பா," என்றாள்.

அந்த மாதமே அவளை டெங்கு கொண்டுபோய்விட்டது. 'ரெடி' என்று பட்டறையிலிருந்து செய்தி வந்தபோது அவளுடைய போன் சார்ஜ் இல்லாமல் பீரோவுக்குள் கிடந்தது.

வெகுநாள் கழித்துத் தாஸ் பட்டறையில் விசாரித்தார். எல்லாம் கேலரிக்குப் போய்விட்டது, அடியில் பெயரைக் கீறியிருப்பார்கள், புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்கள்.

ஒரு கிண்ணத்தைப் புரட்டப் பார்த்த நோயல் கையை உதறிக்கொண்டு திரும்பினான்.

"பசை போட்டு ஒட்டிட்டாங்க அங்கிள். இதையெல்லாம் திருட ஆள் வருவாங்கன்னு வேற நெனப்பு."

லாவண்யா மைக்கைப் பிடித்தார். இந்த ஊர் எதையும் ஆசையாகத் தொடும், படம் எடுத்துப் போடும், அடுத்த ஞாயிறு வேறு எதையாவது தொடப் போய்விடும் என்றார். மறதிதான் இங்கே உண்மையான களிமண் என்றார். என்னவென்று புரியாததால் கைதட்டல் பலமாக இருந்தது.

தாஸ் மட்டும் கைதட்டவில்லை. விமர்சகர்தான் என்பது உறுதியாகிவிட்டது.

லாவண்யாவே அவரைத் தேடி வந்தார். "சார், நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"எம் பொண்ணு செஞ்சதும் இங்க இருக்குதும்மா. எதுன்னுதான் தெரியல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஓ! அவங்க ஏன் வாங்க வரல?"

நோயல் வாயைத் திறந்தான். தாஸ் அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

"வேலை ஜாஸ்திம்மா," என்றார் தாஸ். "டைம் கெடைக்கல."

"அதேதான் சார்! இதான் என்னோட தீமே!"

சந்தோஷம் தாங்காமல் லாவண்யா அவரைக் கூடத்தின் நடுவில் இருந்த பீடத்துக்கு அழைத்துப் போனார். அதன் மேல் தடித்த அடியோடு ஒரு நீலக் கோப்பை.

"என்னோட ஃபேவரிட். காது எந்தப் பக்கம் வைக்கணும்னு தெரியாம, பாவம், ரெண்டு பக்கமும் வச்சுட்டாங்க. கைக்குழந்தை தவிர இப்படிப் புடிச்சு யாரு சார் டீ குடிப்பாங்க?"

சுற்றி இருந்தவர்கள் அழகாகச் சிரித்தார்கள்.

தாஸ் அந்தக் காதுகளைப் பார்த்தார். குழந்தை விரலுக்கு வைத்தவை அல்ல. ஒவ்வொன்றிலும் ஓர் ஆம்பளைக் கையின் நாலு விரல் தாராளமாக நுழையும்.

டீ சிந்தாமல் குடிக்கட்டும் என்று சங்கமித்ரா ஒருமுறை அவருக்கு ஸ்ட்ரா வாங்கி வந்தாள். நான் என்ன கைக்குழந்தையா என்று தாஸ் அதை ஜன்னல் வழியாக வீசினார். கீழே நின்றிருந்த நோயலின் ஆட்டோ மேல்தான் போய் விழுந்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து கைகளை முன்னால் கொண்டுவந்தார்.

இரண்டும் நடுங்கின. கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் மிஷினைப் பிடித்திருந்த கைகள். அந்தச் சாயங்காலம் முழுக்க ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்து அடக்கிவைத்திருந்தன.

"சார், தொடக்கூடாது!" என்று யாரோ ஓடி வந்தார்கள்.

"விடுங்க, விடுங்க. ஆடியன்ஸ் இன்டராக்‌ஷன்!" லாவண்யா போட்டோக்காரரைக் கூப்பிட்டார்.

தாஸ் இரண்டு காதுகளிலும் விரல்களை நுழைத்தார். அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தது.

"அப்படியே இருங்க சார்," என்றார் போட்டோக்காரர்.

தாஸ் தூக்கினார். பீடத்தில் ஒட்டியிருந்த கோப்பை அசையவில்லை.

அதைப் பிடித்திருந்த கைகளும் அசையவில்லை.