அறுக்க முடியாத செயின்

கடலூர் முதுநகரில் பஸ் நின்றபோது கார்த்திகேசனின் போன் அலறியது. எடுப்பதற்கு முன்பே அவருக்கு வியர்த்துவிட்டது. ஐயாதான்.

"பேப்பர் பாத்தியா? சிதம்பரம் பஸ்சுல மூணு செயினு போயிருக்கு. பவுனு கணக்கோட கொட்டை எழுத்துல போட்டிருக்கான். மூணும் எங்கய்யா?"

"ஐயா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க..."

"உன்ன நம்பவா, பேப்பர நம்பவா? ஞாயித்துக்கிழமைக்குள்ள மூணும் என் மேசைக்கு வரணும். இல்லன்னா இந்த ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துட்டுப் போயிக்கிட்டே இருப்பேன்."

பட்டென்று வைத்துவிட்டார்.

பல வருசமாகப் பழகின ரூட்டு. எந்த வளைவில் டிரைவர் பிரேக்கை மிதிப்பார், எந்த நிறுத்தத்தில் கூட்டம் முண்டும் என்பதெல்லாம் கார்த்திகேசனுக்கு மனப்பாடம். அதை இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் முன் சீட்டுப் பேச்சு காதில் விழுந்தது. ஒரு பையன், ஒரு பெண். காலேஜ் வயசு. மடியில் ஆளுக்கொரு பை.

"செயினு எவ்ளோ தூரம் வந்திருக்கு அசாரு?"

"நேத்து மட்டும் நாப்பது பிளாக்கு. இனிமே எவன் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சாவி?"

"நம்மகிட்ட ஏது? போலீசு வந்து கேட்டாலும் கைய விரிச்சிடலாம், இசை."

"அப்ப மொதல்ல இறால் கம்பெனி பொம்பளைங்கதான். ஷிப்டு முடிஞ்சு கும்பலா வருவாங்க. அப்பவே புடிச்சிடணும்."

கார்த்திகேசனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பிளாக்கில் செயின்! ஒரே நாளில் நாற்பது! அதுவும் இந்த ரூட்டில், அவர் உட்கார்ந்திருக்கும்போதே!

எழுந்து போய் அவர்கள் சீட்டிலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பையனின் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"எந்த ஊருடா நீங்க? இந்த ரூட்டுல உங்கள யாருடா விட்டது?"

அசாருதீன் அவருடைய கிராப்பைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான். பையை மடியோடு இறுக்கிக்கொண்டான். "சார்... நாங்க ஸ்டூடண்டு சார்."

அந்த 'சார்' அவருக்குப் பிடித்திருந்தது. மீசையை நீவிவிட்டுக்கொண்டார். "நாப்பது செயினு அறுக்கற ஸ்டூடண்டா?"

பக்கத்தில் இருந்த இசைவாணிக்கு பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ சார், இது கழுத்துல போடற செயினு இல்ல. பிளாக்செயினு. கம்ப்யூட்டரு சமாச்சாரம்."

"கத வுடாத."

"சத்தியமா சார். எங்கம்மா இறால் கம்பெனியில தோலு உரிச்சிட்டு இருந்தாங்க. கையுறை தர்றதில்ல, வெரலெல்லாம் வெந்து போவுதுன்னு வாட்ஸ்அப் குரூப்புல போட்டாங்க. அந்த குரூப்புக்கு அட்மினே சூப்பர்வைசருதான். கொஞ்ச நேரத்துல மெசேஜயும் தூக்கிட்டான், எங்கம்மாவையும் தூக்கிட்டான்."

"குரூப்ப விட்டா?"

"வேலைய விட்டே சார்!"

அசாருதீனுக்கு இப்போது தைரியம் வந்தது. "அதான் சார், நாங்களே ஒரு ஃபோரம் கட்டறோம். எல்லாரும் பேசிக்கற எடம். அதுல அட்மினு, சூப்பர்வைசரு யாரும் கெடையாது. ஒருத்தர் எழுதினா ஊரு ஊரா இருக்கற கம்ப்யூட்டர்ல போயி உக்காந்துக்கும். ஒவ்வொண்ணும் ஒரு பிளாக்கு, ஒண்ணோட ஒண்ணு செயினு மாதிரி கோத்துக்கும். ஒரு எடத்துல அழிச்சாலும் மத்த எடத்துல அப்படியே இருக்கும்."

"எழுதினவன் பேரு?"

"பூட்டுக்குள்ள சார். சாவி அவுங்க போனுலதான். கம்பெனிக்காரன் நடுவுல எட்டிப் பாத்தாலும் வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். நாங்க நெனச்சாக்கூட யாருன்னு கண்டுபுடிக்க முடியாது."

"போலீசு நெனச்சா?"

அசாருதீன் அவருடைய மீசையை இன்னொரு தரம் பார்த்தான். "போலீசு நெனச்சாலும்... மன்னிச்சுக்கங்க சார்."

கார்த்திகேசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆலப்பாக்கத்துச் சவுக்குத் தோப்பு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, பேப்பர்லயே பொய்யி வந்துடுது. அதுக்கு என்னா பண்றது?"

"நெசம் என்னன்னு இதுல எழுதலாம் சார். எந்தக் கொம்பனும் அழிக்க முடியாது. நீங்க யாருக்கு லிங்க் அனுப்புறீங்களோ அவுங்களும் படிக்கலாம்."

அழிக்கவே முடியாத இடத்தில் எவன் போய்ப் பொய் எழுதுவான்? ஐயா இதையாவது நம்புவார். அவர் போனை நீட்டினார்.

"எனக்கும் அதப் போட்டுக் குடு."

"சார், நீங்கதான் மொத ஆளு. இதுவரைக்கும் நாங்க சும்மா டெஸ்டுதான் ஓட்டினோம். எங்கம்மாவே இன்னும் சேரல!"

அசாருதீன் அவள் காதைக் கடித்தான். "போலீசப் போயி மொத ஆளாச் சேக்குறியே, அப்புறம் அந்தப் பொம்பளைங்க நம்பி வருவாங்களா?"

"யாருன்னுதான் தெரியாதேடா, லூசு!"

கார்த்திகேசன் போனைக் கையால் மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டி எழுதினார். அடித்தார், திருத்தினார், மறுபடி அடித்தார்.

"அனுப்பிட்டேன். அழியாதுல்ல?"

"இனிமே நீங்களே நெனச்சாலும் அழியாது சார்."

லிங்கை ஐயாவுக்கும் அனுப்பிவிட்டு, தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி புதுச்சத்திரத்தில் இறங்கிப் போனார். போகும்போது அசாருதீனின் முதுகில் ஒரு தட்டு. "நல்ல வேலதான் பண்றீங்க. பண்ணுங்க."

பஸ் கிளம்பியது. ஃபோரத்தின் முதல் பதிவு இருவர் போனிலும் வந்து விழுந்தது.

"ஐயா, பேப்பர்ல பறிகுடுத்த பொம்பளைங்க பவுனுன்னு சொன்னது பச்சப் பொய்யி, நான் அறுத்த மூணு செயினுமே சிதம்பரம் கவரிங்கு."