முதலில் படித்துக் காட்டு

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாமனாரையும் கூட்டிக்கொண்டு வருகிற எழுத்தாளரைப் பதிப்பாளர் இதுவரை பார்த்ததில்லை. அந்தப் பெண் ஒப்பந்தத்தை வாய்விட்டுப் படிக்க, கிழவர் வரிக்கு வரி குறுக்கே விழுந்தார்.

“நில்லும்மா. ‘அனைத்து உரிமையும்’னா என்னென்ன? ஒண்ணொண்ணா பேர் சொல்லச் சொல்லு.”

“ஐயா, எல்லாரும் ரெண்டு நிமிஷத்துல போட்டுட்டுப் போறதுதான்.”

“ஏமாந்தவன் எல்லாம் ரெண்டு நிமிஷத்துல போட்டவன்தான்.”

பதிப்பாளருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பிழைக்க வந்த நாட்டில் முப்பது வருஷம் சலவை ஆலை ஆவியில் வெந்த ஒருவனின் கதை அவள் கொடுத்த நோட்டில் இருந்தது. மூன்று முறை படித்துவிட்டார். கைநழுவ விட மனமில்லை. நோட்டு முழுக்க அவள் கையெழுத்து. கிழவரோ காரியத்தையே கெடுத்துவிடுவார் போலிருந்தது.

“எழுதினவங்க பேசட்டும் ஐயா. நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க” என்று பேனாவை அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. “மாமா சொல்லச் சொல்ல ஏழு வருஷமா எழுதினதோட சரி சார். படிச்சுக் காட்டறப்போ ஒரு வார்த்தை மாறினாலும் திட்டுவார். கதை அவரோடது.”

பதிப்பாளர் பேனாவைக் கிழவர் பக்கம் திருப்பினார். கிழவர் கட்டைவிரலை நீட்டினார்.

“மை இருக்கா? இந்த நாட்டுக்கு வர்றப்போ ஏஜென்ட் காட்டின இடத்துல இதை உருட்டினேன். அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருந்துதுன்னு சலவை மெஷின்தான் முப்பது வருஷமா எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. நீ மிச்சத்தையும் படிம்மா.”