காயாத மை

ஊர் சுற்றப் போகிற இடங்களில் வருகிறவர்களுக்காக வைத்திருக்கும் அந்தந்த இடத்து ரப்பர் முத்திரையை ஒரு நோட்டில் குத்திக்கொள்வது தெட்சுஜியின் பழக்கம். அவர் செத்து ஒரு வருஷம் ஆனபின், அந்த நோட்டின் மீதிப் பக்கங்களை நிரப்பலாமென்று அவர் மனைவி மிசுயோ, நாத்தனார் கிக்குவேயோடு ஒசாகா வந்தாள்.

கோட்டையில் நோட்டைத் திறந்தால், கோட்டை முத்திரை ஏற்கெனவே இருந்தது. இன்றைய தேதி. மை விரலில் ஒட்டியது.

"நீங்கதான் குத்தியிருப்பீங்க அண்ணி. வரவர மறதி."

கோயிலிலும் அப்படியே, மேலேறி ஊரைப் பார்க்கிற கோபுரத்திலும் அப்படியே. நோட்டோ நாள் முழுக்க மிசுயோவின் கைப்பையில்தான் இருந்தது.

"வெளியூர் வந்தா உங்கண்ணன் என்னைக்கு என்கூட நடந்தாரு? எப்பவும் பத்தடி முன்னாலதான்," என்றாள் மிசுயோ.

சாயங்காலம் கடைவீதியில் கிக்குவே பேரனுக்குச் சட்டை எடுத்தாள். மிசுயோ ராத்திரிக்குக் கானாங்கெளுத்தி மீன் வைத்து அழுத்திய சோறு ஒரு பெட்டி வாங்கினாள். ஊர் திரும்பும் ரயிலுக்கு நேரமிருந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அவர்கள் ஊர் ஸ்டேஷன் முத்திரை. மை இன்னும் காயவில்லை.

"இங்கேயே இரு, வந்துடறேன்," என்று கடைக்குத் திரும்பிப் போனாள்.

"இன்னொரு பெட்டி குடுங்க. இதுல இஞ்சி வேண்டாம், அவருக்கு ஆகாது."