காற்றுக் குழாய்க்குள் ஊதாப்பூ

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே அந்தப் பழைய இன்ஜெக்‌ஷன் லாரி திணறி நின்றது. மெக்கானிக் எட்வின் வால்வைக் கழுவினார், சென்சாரை மாற்றினார்; காலை எடுத்த பிறகும் இன்ஜின் அணையாமல் ஓட வேண்டிய வேகம், ஐடிலிங், ஏறவில்லை.

“அன்னைக்கு இறக்கத்துல இதே இன்ஜின் தானா நின்னு, அதனால பிரேக்கும் புடிக்கலன்னு எங்க வீட்டுக்காரரு ஜெயில்ல இன்னும் சொல்றாருண்ணே. யாரு நம்புறா?” என்றாள் டிரைவரின் மனைவி மரியபுஷ்பம்.

அந்த விபத்து வழக்கில், வண்டியில் கோளாறே இல்லை என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர் எட்வின்தான்.

கடைசியாகக் காற்றுக் குழாயைக் கழற்றி விரலை விட்டார். விபத்துக்கு முந்தைய சர்வீசில், தூசி விழாமலிருக்க அவரே அடைத்துவைத்த துணி வெளியே வந்தது. அவர் மனைவியின் ஊதாப்பூ போட்ட பழைய நைட்டிக் கிழிசல். அதைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு குழாயை மாட்டினார்.

மரியபுஷ்பம் சாவியைத் திருப்பினாள். இன்ஜின் சீராக ஓடியது.

“சரியாயிருச்சே! உள்ள என்னண்ணே இருந்துச்சு?”

எட்வினின் மூடிய கையிலிருந்து ஊதாப்பூ ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது.