கதவு அட்டை

மூடி சத்தமில்லாமல் திறந்தது.

செருப்புப் பெட்டிதான். ஜெசிந்தா அதன்மேல் பூப்போட்ட தாள் ஒட்டியிருந்தாள்.

மாலை வகுப்பு தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை.

“பெட்டியப் பாத்துக்க உலகு, டீ வாங்கிட்டு வந்துருதேன். ஒனக்குச் சீனி கம்மிதான?” என்று சொல்லிவிட்டு இப்போதுதான் போனாள் ஜெசிந்தா.

உலகம்மாள் பெட்டியிலிருந்த அட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

நானூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில உரைநடை. அதில் ‘மேக்’, அதாவது ‘செய்’, என்ற ஒரே வினைச்சொல் என்னென்ன வேலை பார்க்கிறது என்று வகுப்பே தேடிக்கொண்டிருந்தது. அட்டைக்கு ஒரு வாக்கியம். பின்பக்கத்தில் நூல், பக்கம், கண்டவர் பெயர்.

நெருப்பு மூட்ட அந்தச் சொல். படுக்கை விரிக்க அதே சொல். சண்டைக்கும் அதுதான், சமாதானத்துக்கும் அதுதான்.

உலகம்மாளிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் இருந்தன. பொருள் வாரியாகப் பிரித்து, ரப்பர் பேண்டு போட்டு. பாதிக்கு மேல் மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

ஜெசிந்தாவிடம் நூறுகூடத் தேறாது.

ஆனால் அந்த அட்டை அவளிடம் இருந்தது.

கதவைச் சாத்துவதற்கும் ‘மேக்’.

நேற்று திரவியம் சார் அதை உயர்த்திப் பிடித்து வாசித்தார். “இத்தனை அட்டையில இதுதான் கண்டுபிடிப்பு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெசிந்தா எழுந்து ஏதோ சொன்னாள். கைதட்டலில் கேட்கவில்லை.

நன்றி சொல்லியிருப்பாள்.

சாருக்கு அகராதி வேலைக்கு ஓர் ஆள் வேண்டும். நாளை பெட்டிகளை வாங்கி, பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, ஒரு பெயர் சொல்வார்.

அந்த வாக்கியத்தை முதலில் பார்த்தவள் உலகம்மாள்தான்.

ஒரு பழைய பயணக் குறிப்பில். அச்சுப்பிழையாக இருக்கும் என்று அட்டை எழுதாமல் விட்டாள். பஸ்ஸில் அதை வேடிக்கையாகச் சொன்னாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. புத்தகத்தின் பெயரை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.

இதோ, அந்த அட்டை.

ஜெசிந்தாவின் உருண்டை எழுத்து. எங்கும் கேள்விக்குறி இல்லை.

தன் பெட்டிக்கு மாற்றிவிடத்தான் நினைத்திருந்தாள். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

கிழித்தாள். குறுக்கே, ஒரே இழுப்பில்.

இரண்டு துண்டும் மேசைமேல் குப்புற விழுந்தன.

ஒன்றில், ‘கண்டவர்: உலக’.

மற்றதில், ‘ம்மாள்’.

அதன் கீழே, சின்ன எழுத்தில்: ‘எழுதி வைத்தது மட்டும் நான்.’

வராந்தாவில் செருப்புச் சத்தம்.

கைக்கொரு துண்டாக இரண்டையும் உள்ளங்கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

ஜெசிந்தா ஒரு பேப்பர் கப்பை நீட்டினாள். ஆவி பறந்தது.

வாங்குவதற்கு ஒரு கையையாவது திறக்க வேண்டும்.